போன தடவை எப்போது விழுந்தார்? மறுபடி மறுபடி குடிப்பவரை எங்கே அழைத்துப் போவது

"நல்ல சென்டர் எதுன்னு சொல்லுங்க." வீட்டில் குடிப்பவரைச் சேர்க்க ஒரு போதை மீட்பு மையம் தேடுபவர்களிடமிருந்து, ஏதாவது ஒரு சொந்தக்காரர் வழியாக இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும். எங்கள் அண்ணனுக்காக ஆஸ்பத்திரி, சென்டர், கோயில், மீட்டிங் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கியவன் என்பதால் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன தடவை நிறுத்தினாரே, எப்போது மறுபடி குடித்தார்?

பெரும்பாலும் பதில் சட்டென்று வராது. "கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தாரு" என்பார்கள். அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு என்பதை உட்கார்ந்து யோசித்து எடுங்கள். மூன்றாம் நாளில் விழுந்தவர், மூன்றாம் மாதத்தில் விழுந்தவர், மூன்று வருஷம் சுத்தமாக இருந்துவிட்டு ஒரு கல்யாண வீட்டில் விழுந்தவர், இந்த மூவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. மூவரையும் ஒரே சென்டரில் தள்ளிக் கதவைச் சாத்துவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

மறுபடி குடிப்பது அபூர்வமும் இல்லை. அமெரிக்க மருத்துவ சங்க இதழில் 2000-இல் வந்த ஒரு கட்டுரை போதை நோயை மற்ற நாள்பட்ட நோய்களோடு வைத்துப் பார்த்தது. சிகிச்சை முடிந்த ஒரு வருடத்துக்குள் மறுபடி திரும்புபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தம், ஆஸ்துமாவில் மறுபடி மோசமாகிறவர்கள் 50 முதல் 70 சதவீதம். பி.பி. ஏறிவிட்டது என்று யாரும் அப்பாவைத் திண்ணையில் நிற்கவைத்துத் திட்டுவதில்லை. குடிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

முதல் வாரத்தைத் தாண்ட முடியாதவர்

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ வெட்ட வருகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுவார். டாக்டர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். "குடியை விட்டதால செத்துட்டான்" என்று ஊரில் பேசிக்கொள்வது இதைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நிறுத்துவதும் ஆரம்பிப்பதுமாகப் பல தடவை போனவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்த நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாக வரும் போக்கு உண்டு. "போன தீபாவளிக்கு வீட்டிலேயே விட்டாரே" என்பதை நம்பி இந்தத் தடவையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

இவருக்கு என் முதல் தேர்வு அரசு ஆஸ்பத்திரிதான். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. குளோர்டயசிபாக்சைடு கொடுத்து, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தையமின், அதாவது பி1 வைட்டமின். தெருமுனை கிளினிக்கில் "வீக்கா இருக்காரு" என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம்மூர் வழக்கம். பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் மூளைப் பாதிப்பைக் கிளப்பிவிடக்கூடும். வெட்கப்பட்டுக்கொண்டு குடியை மறைக்காமல், தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரத்த வாந்தி எடுத்தாலும் வலிப்பு வந்தாலும் சர்க்கரை தாறுமாறாக ஏறினாலும் பார்க்க அங்கே ஒரே வளாகத்தில் ஆள் இருக்கிறது. செலவு கிடையாது. ஆனால் கூட ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். பாயும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வார்டு வராந்தாவில் படுக்கிற அந்த ஆள், தினக்கூலி வீட்டில், சம்பாதிக்கிற இன்னொரு ஆளாகத்தான் இருப்பார். டாக்டருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஒரு வாரம் கழித்து வரவும்" என்று இருக்கும். பலர் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே மறுபடி கடைக்குப் போய்விடுகிறார்கள். வார்டு, உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும் இடம். குடிக்காமல் வாழச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

30 நாளா, 90 நாளா

நகையை அடகு வைக்கும் கட்டம் இது. சென்டர்காரர்கள் போனில் "30 நாள் பத்தாது சார், 90 நாள் விடுங்க" என்பார்கள். உள்ளே இருக்கும்வரை யாரும் குடிப்பதில்லை, அதனால் சென்டரில் இருக்கும்போது எல்லாருமே குணமானவர் மாதிரிதான் தெரிவார். சோதனை வெளியே வந்த முதல் சனிக்கிழமை.

லண்டனில் 1977-இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழு வெளியிட்ட ஒரு ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. குடிக்கு அடிமையான, திருமணமான 100 ஆண்கள். ஒரு பாதிப் பேருக்கு முழுச் சிகிச்சை, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிச் சேர்க்கை. மறுபாதிக்கு, மனைவியோடு சேர்த்து உட்காரவைத்து ஒரே ஒரு அமர்வில் தெளிவான அறிவுரை, பிறகு மாதாமாதம் எப்படி இருக்கிறார் என்ற விசாரிப்பு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்து "சென்டரே வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்களுக்கு வீடும் மனைவியும் இருந்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் நாட்களைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடும் என்ற கணக்குக்கு இது நல்ல கடிவாளம். 90 நாள் பணம் கையில் இருந்தால், 30 நாள் உள்ளே வைத்துவிட்டு மீதியை வெளியே வந்தபின் டாக்டருக்கும் கவுன்சலிங்குக்கும் பஸ் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

யாருக்குச் சென்டர் தேவை? வீட்டிலேயே இன்னொருவர் குடிக்கிறார், அல்லது வீடே இல்லை, அல்லது குடியோடு தற்கொலை எண்ணமும் இருக்கிறது, அல்லது வெளிநோயாளியாக முயன்று முதல் மாதத்திலேயே திரும்பத் திரும்ப விழுகிறார் என்றால் தேவைதான். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மீட்பு மையங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அவற்றை முதலில் விசாரியுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் பக்கத்தில் எது என்று கேட்கலாம்.

சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1980-இல் தொடங்கியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி எடுத்து வந்து தொடங்கியது. அவர்கள் குடும்பத்தையும் வரவழைத்துத் தனி வகுப்பு நடத்துகிறார்கள், என் கணக்கில் அதுதான் விஷயம். மனைவியையும் அம்மாவையும் கூப்பிடாத சென்டர் பாதி வேலையைத்தான் செய்கிறது. இதே அமைப்பு, இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே 15 நாள் முகாம்கள் நடத்தியது. ஒரே வட்டாரத்து ஆட்கள் சேர்ந்து நிறுத்தினால், வெளியே வந்ததும் யாரோடு உட்காருவது என்ற பிரச்சினை பாதி குறைந்துவிடுகிறது. இந்த வழி இன்னும் நூறு ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

மறுபக்கம், வேன் அனுப்பி, நான்கு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போகும் இடங்களும் இருக்கின்றன. அடித்ததில் ஆள் இறந்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். சிகிச்சை மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி போடுவது குற்றம். விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு மனநல மருத்துவரும், கூடவே இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள்வரைதான். "வீட்டுக்காரங்க கையெழுத்து போதும்" என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். பதிவுச் சான்று எங்கே, ராத்திரி வலிப்பு வந்தால் எந்த டாக்டர் வருவார், நாங்கள் எந்தக் கிழமை நேரில் பார்க்கலாம், வெளியே வந்தபின் எத்தனை மாதம் கூப்பிடுவீர்கள். இதற்கெல்லாம் முகம் கடுக்காமல் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்று மாதத்துக்குள் விழுகிறவர்: மாத்திரை

நிறுத்தியவர்கள் அதிகமாக விழுவது முதல் 3 மாதத்தில். உடம்பு தேறியிருக்கும், சாப்பாடு இறங்கும், "இனி நம்ம கட்டுப்பாட்டில் இருக்கும்" என்று தோன்றும். சம்பளம் கையில் வாங்கி டாஸ்மாக் இருக்கிற தெரு வழியாக வீட்டுக்கு வர வேண்டும். அந்தத் தெருவைத் தாண்ட உதவும் மருந்துகள் இருக்கின்றன. நம் ஊரில் அவற்றைப் பற்றிப் பேசுவதே குறைவு.

டைசல்பிரம் பழைய மருந்து, 1940-களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த விளைவு இருக்கலாம். அந்தப் பயம்தான் மருந்து. காலையில் ஒரு தடவை எடுத்த முடிவு சாயங்காலம்வரை தாங்கும். மும்பையில் 100 ஆண்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், டைசல்பிரம் எடுத்தவர்களில் 86 சதவீதமும் நால்ட்ரெக்சோன் என்ற இன்னொரு மருந்தை எடுத்தவர்களில் 44 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். ஆனால் அதில் இருந்த எல்லோருக்கும் மருந்தைக் கையில் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் டைசல்பிரம் நான்காம் நாளே அலமாரிக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் அம்மா மாத்திரையை டம்ளர் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுப்பார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்ப வழியில்லை. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து குடிப்பார், அம்மா டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதுவும் நல்லதுதான். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் பழைய கணக்கைப் பேச ஆரம்பித்தால் மறுநாள் டம்ளர் பறக்கும். தினமும் சண்டை போடுகிற ஆளை விட்டுவிட்டு வீட்டில் வேறு யாராவது கொடுப்பது உத்தமம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த" என்று, அதன் பக்கமே போகாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்பிரமையே தெரியாமல் சாம்பாரில் கலந்தாலும், விஷயம் தெரியாமல் அவர் ஒரு குவார்ட்டர் அடித்தால் இதயம் பலவீனமானவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இதய நோய், கடுமையான கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு டாக்டரே இதைத் தவிர்ப்பார்.

நால்ட்ரெக்சோன் வேறு வகை. பயமுறுத்தாது. குடித்தால் வரும் 'கிக்'கை மட்டுப்படுத்தும், ஆசையைக் குறைக்கும். முழுதாக நிறுத்தாதவருக்கும் தொடங்கலாம், வீட்டில் காவல் நிற்க ஆள் இல்லாதவருக்கு இது பொருத்தம். டிரமடால் மாதிரி ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் ஒரு நாளைக்கு மூன்று வேளை விழுங்க வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் கல்லீரலுக்குப் பாரமில்லை. கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குச் சில டாக்டர்கள் பாக்லோஃபென் எழுதுகிறார்கள். எல்லாமே டாக்டர் சீட்டில் வாங்க வேண்டியவை. மூன்று மாதத்தில் விழுகிறவரை மறுபடி 90 நாள் உள்ளே தள்ளுவதற்கு முன், இதில் ஒன்றையாவது ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் மனைவியின் கணக்கில் போடச் சொல்வதையும் மருந்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வருஷக்கணக்கில் நின்று விழுந்தவர்: மீட்டிங்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. நம் ஊரில் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு அறை. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார், மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். ஆட்டோ ஓட்டுபவரும் பேங்க் மேனேஜரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கட்டணம் இல்லை, விருப்பப்பட்டவர் காசு போடலாம். ஜூமிலும் தமிழ்க் கூட்டங்கள் நடப்பதால் வளைகுடாவில் அறையில் தனியாக இருப்பவரும் சேரலாம்.

பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலோடு, அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் இந்த வழி மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமமாகவும், முறையாக நடத்தும்போது அவற்றைவிட மேலாகவும் இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு ஆசை வந்தால் டாக்டரைக் கூப்பிட முடியாது, ஸ்பான்சரை, அதாவது மீட்டிங்கில் துணைக்கு நிற்கும் பழைய ஆளைக் கூப்பிடலாம்.

எல்லாருக்கும் இது ஒட்டாது. கடவுள், இறைசக்தி என்ற பேச்சு சிலருக்கு உறுத்தும். சின்ன ஊரில் கூட்டமே இருக்காது. பெண்கள் தயங்குவார்கள். கை நடுங்குகிறவருக்கு இங்கே மருந்து கிடையாது. ஆனால் மூன்று வருஷம் நின்று விழுந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. அவருக்குக் குடியின் கேடு பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அவரைக் கொல்வது வெட்கம். "குடிச்சது குடிச்சாச்சு, இனி என்ன" என்று ஒரு பெக்கை ஒரு வாரமாக்குவது அந்த வெட்கம்தான். அவர் விழுந்த மறுநாளே, குளித்துவிட்டு டாக்டரிடமோ மீட்டிங்குக்கோ போய்விட்டால் பல தடவை அது ஒரு நாளோடு நின்றுவிடும். வீட்டில் கூச்சல் போட்டு, மாமனாரை வரவழைத்துப் பஞ்சாயத்து வைத்தால் அந்த ஒரு நாள் நீளும்.

மாலை, கயிறு, பீர்

இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கோயில்தான். சாமி முன்னால் கயிறு கட்டுவதையும் மாலை போடுவதையும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். "மாலை போட்டிருக்கேன்" என்றால் எந்த நண்பனும் கிளாஸை நீட்ட மாட்டான். அந்தப் பாதுகாப்பை எந்த மாத்திரையும் தராது. மாலையைக் கழற்றும் நாளில்தான் சிக்கல், மலையிலிருந்து இறங்கும் வேனிலேயே விழுந்தவர்கள் உண்டு. அதனால் அந்த ஒரு மண்டலத்துக்குள்ளேயே டாக்டரைப் பார்த்து மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். தினமும் குடித்து நடுங்குகிறவர் மாலை போடும் முன் ஆஸ்பத்திரி போய்விட்டு வர வேண்டும்.

"இனி பீர் மட்டும்" என்பது பலர் தேடும் நடுவழி. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் இரண்டு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் ஒரு குவார்ட்டர் பிராந்தியைவிட அதிகம். பல தடவை விழுந்தவருக்கு இதை ஒரு தேர்வாகவே நான் வைப்பதில்லை.

வரவே மாட்டேன் என்றால்

அப்போது நீங்கள் முதலில் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. மனநல வெளிநோயாளிப் பிரிவில் அவர் இல்லாமலே வீட்டுக்காரர் போய்ப் பேசலாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கடனை அடைப்பது, முதலாளிக்குப் பொய் சொல்வது, ராத்திரி கதவைத் திறப்பது, இதில் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்று அங்கே ஒரு தெளிவு கிடைக்கும். அடி விழுகிற வீடாக இருந்தால் இதையெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் குழந்தைகளோடு வெளியே வந்து பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் நிதானமாக இருக்கும் ஒரு காலைப்பொழுது வரும். அப்போது ஒரு காரியம் செய்து வைக்கலாம். 2017 சட்டம் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை தருகிறது. நான் முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது என்னை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், எனக்காகப் பேச வேண்டியவர் என் தங்கை. இப்படி எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நினைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் தன்னுடையதில், கை கட்டித் தூக்கிப்போகிற எந்த இடமும் கூடாது, மாத்திரை அம்மா கையால்தான் என்று எழுதியிருக்கிறார். ஒரு நகல் டாக்டரின் ஃபைலில் இருக்கிறது, இன்னொன்று என் பர்ஸில்.